டின் ஸ்பிரிட் அடுப்பு: அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க ஏன் 14 நிமிடம்?

2023 ஜூன் 3

மலேசியாவில் லுனாஸ் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்கிறார்: “அண்ணே, குளிர்பான டின் ரெண்ட வெட்டி ஸ்பிரிட் அடுப்பு செஞ்சேன். அரை லிட்டர் தண்ணி கொதிக்க 14 நிமிஷம் ஆகுது. சில நேரம் கொதிக்கறதுக்குள்ளயே அணைஞ்சிடுது. மத்தவங்க 7, 8 நிமிஷம்னு சொல்றாங்க. ஓட்டைய அதிகமாக்கணுமா?”

ஆக்குங்க தம்பி. டின்னைச் சுற்றித் தீ வருகிற துளை 16 இருந்தால் 24 ஆக்குங்க. தீ குறைவாக இருந்தால் நேரம் இழுக்கத்தான் செய்யும்.

2023 ஜூன் 4

நேற்று சொன்னதை இன்னும் செய்யவில்லை என்றால் செய்ய வேண்டாம். எழுதிவிட்டுப் படுத்தேன், மனசு கேட்கவில்லை. இங்கே சுங்கை சிப்புட்டில் என் வீட்டுச் சமையலறையில், ஜன்னலை மட்டும் திறந்து வைத்து, 16 துளை ஒன்று, 24 துளை ஒன்று என இரண்டு அடுப்பைக் கொளுத்திப் பார்த்தேன். மருந்துக்கடை சிரிஞ்சால் அளந்து இரண்டிலும் 30 மி.லி. ஸ்பிரிட் ஊற்றினேன். ஒரே குவளை, ஒரே தண்ணீர்.

16 துளை அடுப்பு 12 நிமிடம் எரிந்தது. 11ஆவது நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது. 24 துளை அடுப்பு 7 நிமிடத்தில் தீர்ந்துபோனது. தண்ணீர் 85 டிகிரியில் நின்றுவிட்டது. பெரிய தீ எங்கே போனது என்று கீழே குனிந்து பார்த்தால் தெரிகிறது: குவளையின் அடியைத் தொட்டுவிட்டு, விளிம்பைச் சுற்றிக்கொண்டு மேலே ஓடுகிறது. குவளைக் கைப்பிடிதான் கொதித்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் சுமார் 27 டிகிரி. அரை லிட்டரை 100க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 153 கிலோஜூல் வேண்டும். ஸ்பிரிட்டில் எரிகிற எத்தனால் ஒரு மி.லி.க்கு சுமார் 21 கிலோஜூல் தருகிறது. அதாவது ஒரு துளி சூடும் வீணாகாவிட்டால் ஏழரை மி.லி.யே போதும். நான் ஊற்றியது 30. முக்கால் பங்கு சூடு சமையலறைக்கும் எனக்கும் போயிருக்கிறது.

தம்பி, அடுப்பைத் தொடாதீங்க. அடுப்புக்கு வெளியேதான் வேலை இருக்கிறது.

2023 ஜூன் 7

காற்றுத்தடுப்பு. கேக் சாமான் விற்கும் கடையில் அலுமினிய டிரே கிடைக்கும், ஒரு தடவை போட்டுவிட்டு எறிகிறார்களே, அது. அதன் அடித்தட்டை வெட்டி, இரண்டாக மடித்து, பாத்திரத்தைச் சுற்றி வளைத்தேன். பாத்திரத்துக்கும் தடுப்புக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற இடைவெளி. உயரம் பாத்திரத்தின் முக்கால் மட்டம் வரை. கீழ் ஓரத்தில் பேப்பர் பஞ்ச்சால் வரிசையாகத் துளை, காற்று உள்ளே வர.

அதே 16 துளை அடுப்பு. 20 மி.லி. மட்டும். ஏழரை நிமிடத்தில் கொதித்தது, அதற்குப் பிறகும் சில வினாடி எரிந்துதான் அணைந்தது.

வெளியே அஞ்சடியில், அதாவது வீட்டு முன் நடையில், வைத்தும் பார்த்தேன். தடுப்பு இல்லாமல் 30 மி.லி. ஊற்றியும் கொதிக்கவில்லை. பெரிய காற்று ஒன்றும் இல்லை, கொடியில் துணி ஆடுகிற அளவுதான். தம்பியின் 14 நிமிடத்துக்கு இதுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். ஸ்பிரிட் தீ மெலிசான தீ. கண்ணுக்கு நேராக எரிவதுபோல் தெரிந்தாலும், மெல்லிய காற்றே அதைப் பாத்திரத்தின் அடியிலிருந்து தள்ளிவிடும்.

மூடி போட மறக்காதீங்க. அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனால் தம்பி அனுப்பிய படத்தில் மூடியைக் காணோம்.

2023 ஜூன் 8

“இடைவெளியே இல்லாம ஒட்டிச் சுத்துனா இன்னும் நல்லா இருக்குமா?”

இருக்காது. நேற்று ராத்திரியே பார்த்தேன். சூடு திரும்ப அடுப்பு மேலேயே விழுகிறது. எத்தனாலின் கொதிநிலை 78 டிகிரிதான். டின் உள்ளே ஸ்பிரிட் குமிழி விட்டுக் கொதித்து, ஆவி வேகமாகக் கிளம்பி, தீ மஞ்சளாக ஓர் அடி உயரத்துக்கு ஏறியது. 20 மி.லி. 4 நிமிடத்தில் காலி. பாத்திரத்தில் கரி. காற்று பற்றாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடும் வரும். கூடாரத்துக்குள் எந்த அடுப்பும் வேண்டாம் என்பதற்கு அதுவே போதும்.

2023 ஜூன் 11

பாத்திரத்துக்கு வருகிறேன். ஒடுங்கிய எஃகுக் குவளையை விட்டுவிட்டு அம்மாவின் அலுமினியத் தூக்கை எடுத்தேன். அடி அகலம் 14 செ.மீ. குவளை 9 செ.மீ. தூக்கில் 16 மி.லி.யே போதுமாக இருந்தது. தீ முழுவதும் அடிக்குள்ளேயே விரிந்து நிற்கிறது, ஓரத்தில் தப்பிப்பது கொஞ்சம்தான். விலை உயர்ந்த டைட்டேனியம் குவளை வாங்க நினைப்பவர்கள் முதலில் வீட்டில் ஒரு பழைய தூக்கு இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியம் சூட்டைப் பரப்புவதில் டைட்டேனியத்தைவிட எவ்வளவோ மேல்.

பாத்திரம் தாங்க நான் வைத்திருப்பது மங்குக் கம்பிகள். கித்தா, அதாவது ரப்பர் மரத்தில், பால் வடிகிற மங்குக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும் கம்பி. மரத்தை வெட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட பிறகு தோட்டத்தில் துருவேறிக் கிடந்தவை. நிமிர்த்தி, மூன்றை முக்காலி மாதிரி வளைத்தால் தூக்கு ஆடாமல் நிற்கும். அடுப்பின் துளைக்கும் தூக்கின் அடிக்கும் நடுவே 3 செ.மீ. வைத்திருக்கிறேன்.

அந்தத் தூக்கில் அம்மா தேத்தண்ணீர் எடுத்துக்கொண்டு போவார். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து, 5 மணிக்குப் பெரட்டு என்கிற பேர் கூப்பிடும் வரிசை, அங்கிருந்து தீம்பார், அதாவது ரப்பர் மரக் காடு. தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் எங்களுக்கு மண்ணெண்ணெய் பம்ப் அடுப்பு. பர்னருக்குக் கீழே சின்னக் கிண்ணம் மாதிரி இருக்கும். அதில் ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தி, அது எரிந்து தீரும் தறுவாயில் பம்ப் அடிப்பார். பர்னர் சூடேறினால்தான் மண்ணெண்ணெய் ஆவியாகும், இல்லாவிட்டால் புகைந்துகொண்டு மஞ்சளாக எரியும். இருட்டில் அந்த நீலத் தீ மட்டும் அம்மாவின் முகத்தில் தெரியும். கதவு இடுக்கில் காற்று வருகிற பக்கம் பிஸ்கட் டின் தகரத்தை மடக்கி நிறுத்தியிருப்பார். தகரம் எதற்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஜூன் 7இல் நான் கண்டுபிடித்ததாக எழுதியது அம்மாவின் அடுப்படியில் எப்போதோ இருந்த விஷயம்.

2023 ஜூன் 12

“இவ்வளவு கஷ்டம் எதுக்கு, காஸ் டின் வாங்கிட்டுப் போனா 3 நிமிஷத்துல கொதிக்குமே?”

கொதிக்கும். நாலு பேருக்குச் சமைப்பதென்றால் நானும் காஸ்தான் எடுத்துக்கொண்டு போவேன். தனியாக ஓர் இரவு தங்கப் போகும்போது எனக்கு வேண்டியது இரண்டு கோப்பி, ஒரு மெகி மீ நூடுல்ஸ். அதற்கு 60 மி.லி. ஸ்பிரிட் போதும். அடுப்பு, தடுப்பு, கம்பி எல்லாம் சேர்த்தாலும் ஒரு முட்டையின் எடைதான். சத்தம் இல்லை. ஆற்றோரம் உட்கார்ந்தால் ஆறு கேட்கிறது.

2023 ஜூன் 18

ஒரு வாரமாகக் குழப்பம். அதே அடுப்பு, அதே தூக்கு, அதே தடுப்பு. 16 மி.லி.யில் கொதித்த தண்ணீர் இப்போது 21 கேட்கிறது. தடுப்பை மாற்றினேன். துளைகளை ஊசியால் சுத்தம் செய்தேன். அடுப்பின் உள்சுவர் அடியில் ஸ்பிரிட் வெளிப்பக்க அறைக்குப் போவதற்கு மூன்று சின்ன வெட்டு இருக்கும், அவை அடைத்துக்கொண்டதோ என்று பிரித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பாட்டிலைச் சரியாக மூடாமல் வைத்தேனா? எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். ஆனால் இது புது பாட்டில்.

2023 ஜூன் 20

கண்டுபிடித்துவிட்டேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

புது பாட்டில் பெயின்ட் சாமான் விற்கும் ஒரு கடையில் வாங்கியது. “ஸ்பிரிட்” என்று கேட்டேன், பின்னாலிருந்த டிரம்மிலிருந்து ஊற்றிக் கொடுத்தார்கள். பாட்டிலில் லேபிள் இல்லை. இன்றைக்குத் திரும்பப் போய் டிரம்மைக் காட்டச் சொன்னேன். மெத்தனால் என்று போட்டிருந்தது. கடையில் இருந்த பையனுக்கு அது வேறு இது வேறு என்றே தெரியாது. பெயின்ட் கழுவ வருகிறவர்கள் இரண்டையும் ஸ்பிரிட் என்றுதான் கேட்கிறார்கள்.

மெத்தனால் ஒரு மி.லி.க்கு 16 கிலோஜூல் அளவுதான் தருகிறது, எத்தனாலில் முக்கால் பங்கு. 16க்குப் பதிலாக 21 ஏன் கேட்டது என்பதற்குக் கணக்கு அப்படியே சரியாகப் பொருந்துகிறது. அடுப்பு ஒரு தவறும் செய்யவில்லை.

எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகச் செலவானால் போகட்டும். என்னைப் பயமுறுத்தியது வேறு. மெத்தனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். குடித்துவிட்டால் கண் பார்வையை எடுக்கும், உயிரையும் எடுக்கும். ஒரு வாரமாக அதைச் சிரிஞ்சில் இழுத்து, விரலில் வழியவிட்டு, துணியில் துடைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் தலைவலி இருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

ஜூன் 7 குறிப்புக்குக் கீழே ஒருவர் வேடிக்கையாக எழுதியிருந்தார்: “எங்க தோட்டத்துல ஸ்பிரிட்டு அடுப்புக்கு வர்றதுக்கு முன்னாடியே தீர்ந்துடும் அண்ணே.” அன்றைக்கு நானும் சிரித்தேன். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மலிவு மது குடித்து எத்தனை பேர் இறந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். நம் லயங்களில் சம்சு என்கிற மலிவுச் சாராயம் என்ன செய்தது என்பது அதற்கு முன்பே தெரியும். நான் அந்தப் பாட்டிலை எதில் வைத்திருந்தேன் தெரியுமா? மினரல் தண்ணீர் பாட்டிலில். சமையலறை மேசை மேலே. நிறம் இல்லாத தண்ணீர் மாதிரிதான் இருக்கும். என் மாமா ஞாயிற்றுக்கிழமை வந்து, அந்த மேசையில் உட்கார்ந்துதான் பசியாறினார்.

ஆகவே: லேபிள் ஒட்டிய பாட்டிலாக வாங்குங்கள். எத்தனால் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். குடிக்கிற பாட்டிலில் ஊற்றவே வேண்டாம். நான் இப்போது வைத்திருப்பது ஷாம்பு பாட்டில் மாதிரி ஊசிமூக்கு உள்ளது, சிவப்பு டேப் சுற்றி, மண்டை ஓடு வரைந்து, அலமாரியின் உயரத் தட்டில். மீதி மெத்தனாலை மூடி, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். காசு கேட்கவில்லை.

2023 ஜூன் 21

ஓர் அக்கா கேட்கிறார், எத்தனால் ஸ்பிரிட்டும் குடிக்கக் கூடாததுதானே என்று. ஆமாம் அக்கா, கூடாது. குடிக்க முடியாதபடி அதில் வேறு பொருள் கலந்துதான் விற்கிறார்கள், சிலவற்றில் அந்தக் கலப்பே மெத்தனால்தான். எரிப்பதற்கு எத்தனால் அதிகம் உள்ளது நல்லது என்று மட்டும்தான் சொன்னேன்.

2023 ஜூலை 2

கோவிட் காலத்தில் வாங்கிய கைகழுவும் ஜெல் எல்லார் வீட்டிலும் மிச்சம் இருக்கிறது. எரியுமா? எரிகிறது. கடைசியில் பசை மாதிரி ஒரு படலம் அடியில் ஒட்டிக்கொள்கிறது. துளை அடுப்பில் ஊற்றினால் துளை அடைந்துவிடும், திறந்த சார்டின் டின்னில் மட்டும் வைக்கலாம். மருந்துக்கடை 70 விழுக்காடு ஐசோபுரோபைல் இன்னும் மோசம். மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்டத் தண்ணீர், கரி வேறு. கற்பூரம் கேட்டவருக்கு: தீபாராதனைத் தட்டு எப்படிக் கருக்கிறது என்று பாருங்கள், தூக்கும் அப்படித்தான் ஆகும்.

முன்பு ஒரு தம்பிக்குத் தனியாக எழுதும்போது, ஸ்பிரிட்டில் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். சுவீடன் நாட்டு டிராஞ்சியா அடுப்புக்காரர்களே கரி குறைய கொஞ்சம் தண்ணீர் கலக்கச் சொல்கிறார்கள், பத்தில் ஒரு பங்குக்குள். கலந்து பார்த்தேன். கரி உண்மையாகவே குறைகிறது. ஒரு நிமிடம் கூடுதலாக ஆகிறது. பாத்திரம் தேய்க்கிறவர் யார் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

2023 ஜூலை 9

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன். போன வருடம் நடந்தது.

நல்ல வெயில், காலை 11 மணி, ஆற்றோரப் பாறை. அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்தேன். பாட்டிலைச் சாய்த்து ஊற்றினேன். வெயிலில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது. ஊற்றின தாரையிலேயே தீ ஏறி வந்தது. பாட்டிலை ஆற்றில் எறிந்தேன். வலது கை முழங்கை வரை முடி கருகி, புறங்கையில் இரண்டு கொப்புளம். பெரிய வாய் உள்ள பாட்டில் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இப்போது ஊற்றுவதற்கு முன்னால் ஒரு காய்ந்த லாலாங் புல்லை அடுப்புக்கு மேலே நீட்டிப் பார்க்கிறேன். பற்றினால் தீ இருக்கிறது. பற்றாவிட்டாலும் டின்னைத் தொட்டுப் பார்த்து, ஆறியிருந்தால்தான் ஊற்றுகிறேன். ஒரு தடவைக்கு வேண்டியதை முதலிலேயே அளந்து ஊற்றிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. அணைப்பதற்குச் சார்டின் டின் ஒன்றைக் கவிழ்த்து மூடினால் போதும், ஊத வேண்டாம்.

2023 செப்டம்பர் 2

ஆகஸ்ட் 31 விடுமுறைக்குக் கேமரன் மலை போனேன். சிம்பாங் பூலாய் வழியாக ஏறி, தானா ராத்தா பக்கம் கூடாரம். அங்கே உயரம் ஏறக்குறைய 1,440 மீட்டர். தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் ஸ்பிரிட் மிச்சமாகும் என்று எண்ணியிருந்தேன். காலையில் குழாய்த் தண்ணீரைத் தெர்மாமீட்டரில் பார்த்தால் 18 டிகிரி. மேலே 5 குறைந்தது, கீழே 9 குறைந்தது. கணக்கில் ஒன்றும் மிஞ்சவில்லை.

கொளுத்துவதே சிரமமாக இருந்தது. குளிர்ந்த ஸ்பிரிட்டிலிருந்து ஆவி குறைவாகத்தான் எழும். நடுக் கிண்ணத்தில் மட்டும் சோம்பலாக எரிந்துகொண்டிருந்தது, துளைகளுக்குத் தீ வரவே இல்லை. அடுப்பு ஈரப் புல்லில், நேராக மண்ணில் உட்கார்ந்திருந்தது. தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. மெகி மீ அட்டைப்பெட்டியைக் கிழித்து, அலுமினியத் தாள் சுற்றி, அடுப்புக்குக் கீழே வைத்தேன். ஸ்பிரிட் பாட்டிலைச் சட்டைக்குள் பத்து நிமிடம் வைத்துக்கொண்டேன். அடுத்த தடவை ஒன்றரை நிமிடத்தில் 16 துளையும் நீலமாக மலர்ந்தது. நம் ஊரில் முப்பது வினாடி.

முதல் நிமிடத்தில் தூக்கின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்து, தூக்கில் ஓட்டை என்று பதறினேன். அம்மாவின் தூக்கு. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஓட்டை இல்லை. எத்தனால் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். 16 கிராம் எரிந்தால் ஏறக்குறைய 19 கிராம் தண்ணீர், எரிந்ததைவிட அதிகம், ஏனென்றால் காற்றிலிருந்து ஆக்சிஜன் சேர்கிறது. அந்த ஆவி குளிர்ந்த அலுமினியத்தில் பட்டு வியர்க்கிறது. பனித்துளி மாதிரி முத்து முத்தாகக் கோத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கனத்து, தீயில் விழுந்து “சுர்” என்றது. தூக்கு சூடானதும் நின்றுவிட்டது.

2023 செப்டம்பர் 10

லுனாஸ் தம்பி எழுதியிருக்கிறார். டிரே தடுப்பு, மூடி, 16 துளை, லேபிள் பார்த்து வாங்கிய எத்தனால். வீட்டு வாசலில் 22 மி.லி., 9 நிமிடம். “இன்னும் கரி வருதுண்ணே, அடியில மஞ்சத் தீ.”

தவறு என்னுடையது தம்பி. ஜூன் 11இல் 3 செ.மீ. என்று எழுதினேன். அது அகலமான தூக்குக்கு, அந்த அடியில் தீ படர்ந்து போக இடம் இருக்கிறது. உங்களுடையது ஒடுங்கிய குவளை. இன்றைக்கு என் பழைய குவளையை எடுத்து 3, 4, 5 செ.மீ. மூன்றிலும் வைத்துப் பார்த்தேன். 3இல் தீ நசுங்கி மஞ்சளாகிக் கரி வருகிறது. 5இல் கரி இல்லை, ஆனால் நேரம் இழுக்கிறது. 4இல் தீ நீலமாக, நுனி மட்டும் அடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கம்பியை ஒரு செ.மீ. உயர்த்துங்க.